இந்தப் படத்துல யாரு வேலை செய்யறாங்க?

போன ரெண்டு மாசத்துல பார்த்த படங்களைப் பத்தி ஒரு குறிப்பு எழுதி வைக்கலாம்னு உட்கார்ந்தேன். விமர்சனம் இல்லை, மார்க்கும் போடப் போறதில்லை. புதுசு, பழசு, தமிழ், ஜப்பான், இத்தாலி எல்லாம் கலந்து கட்டிப் பார்த்தவை. பாதி கைப்பேசியில், மீதி லேப்டாப்பில். எல்லாவற்றையும் ஒரே கேள்வியோடு பார்த்ததால் ஒரே பதிவில் போடுகிறேன். கதையின் முடிவையும் அங்கங்கே சொல்லிவிடுவேன், படம் பார்க்காதவங்க பொறுத்துக்கணும்.

கேள்வி தலைப்பில் இருக்கிறது. அது அம்மாகிட்டேயிருந்து வந்தது. எங்க மணப்பட்டுக்கு ஒரு பக்கம் கடலும் சவுக்குத் தோப்பும். மறுபக்கம் போனால் பாகூர் ஏரிப் பாசன நஞ்சை. பாகூரை புதுச்சேரியின் நெற்களஞ்சியம்னு சொல்வாங்க. அம்மா பல வருஷம் நடவுக்குப் போனவங்க. டிவியில ஏதோ ஒரு பழைய பாட்டு, கதாநாயகி கூட்டத்தோட நாத்து நடறாங்க. அம்மா பார்த்துட்டு, "இன்னாடா இது, நட்டதையெல்லாம் மிதிச்சிகினு முன்னால போறா?" அப்படின்னாங்க.

அன்னிக்குதான் எனக்கு உறைச்சுது. நடவு என்பது பின்னால் நகர்ந்து செய்கிற வேலை. இடது கையில் நாற்றுமுடி, வலது கை அதிலிருந்து ரெண்டு மூணு நாற்றைப் பிரித்து சேற்றில் ஊன்றும், கால் பின்னால் போகும். முன்னால் நடந்தால் நட்டது அத்தனையும் காலடியில். வயலில் ஒருநாள் இறங்கிய யாருக்கும் தெரிகிற இந்த விஷயம், இயக்குநர், டான்ஸ் மாஸ்டர், கேமராக்காரர் என்று அத்தனை பேர் நின்ற இடத்தில் ஒருவருக்கும் படவில்லை. அல்லது பட்டிருக்கும், கதாநாயகி கேமராவைப் பார்த்து வரணுமே என்று விட்டிருப்பார்கள். இரண்டாவதுதான் உண்மையாக இருக்கும் என்று நினைக்கிறேன். முகம் தெரியணும். வேலை தெரியலன்னா பரவாயில்லை.

இது சினிமாவோட பிறவிக் குணம் என்று ஒரு வாதம் உண்டு. 1895இல் லூமியேர் சகோதரர்கள் எடுத்த ஆரம்பகாலப் படங்களில் பேர்போனது, தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளியே வருவதைக் காட்டுவது. ஒரு நிமிஷம்கூட ஓடாது. கதவு திறக்கிறது, பெண்களும் ஆண்களும் சைக்கிளும் ஒரு நாயும் வெளியே வருகிறார்கள், அவ்வளவுதான். பிரான்சின் லியோன் நகரில் இருந்த அந்த ஆலை லூமியேர் குடும்பத்துக்கே சொந்தம். முதலாளி வீட்டுக் கேமரா வாசலில் நிற்கிறது, உள்ளே போகவில்லை. நூறு வருஷம் கழித்து, 1995இல், ஹாருன் ஃபரோக்கி என்ற ஜெர்மன் இயக்குநர் இதே தலைப்பில் ஒரு ஆவணப்படம் எடுத்தார். சினிமா வரலாறு முழுக்கத் தேடி, ஆலை வாசல் வருகிற காட்சிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு அவர் சொல்வது இதுதான்: கதைப் படங்கள் பெரும்பாலும் வேலை முடிந்த பிறகே தொடங்குகின்றன. காதல், சண்டை, குடும்பம் எல்லாமே வாசலுக்கு வெளியேதான்.

நம்ம ஊரில் இதுக்கு ஒரு தனி வித்தை உண்டு. ஒரே பாட்டு. 'சூரியவம்சம்' (1997) திரும்பப் பார்த்தேன், பொங்கலுக்கு ஏதோ ஒரு சேனலில் வந்தது. பாட்டு ஆரம்பிக்கும்போது புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கஷ்டத்தில், முடியும்போது அவர் பஸ் முதலாளி, அவங்க கலெக்டர். கேலி பண்ணுவது சுலபம், நாங்க எல்லாரும் பண்ணியிருக்கோம். ஆனா யோசிச்சா, அந்தப் பாட்டுக்குள்ள ஒளிஞ்சிருப்பது பத்து வருஷ வேலை. படிப்பு, கடன், ராத்திரி முழிப்பு, பஞ்சர் ஆன டயர். வேலைக்கு நேரம் பிடிக்கும். சினிமா நேரத்தை வெட்டுகிற தொழில். அதனால் முதலில் வெட்டுப்படுவது வேலைதான். அதையும் மீறி வெட்டாமல் விட்டவர்கள் யார் என்று பார்ப்பதுதான் எனக்கு இந்த ரெண்டு மாசப் பொழுதுபோக்கு.

மணிகண்டனின் 'கடைசி விவசாயி' (2022) அதில் முதல் வரிசை. மாயாண்டியாக வரும் நல்லாண்டி நிஜ வாழ்க்கையிலும் விவசாயி. படம் திரைக்கு வரும் முன்பே இறந்துவிட்டார். பிறகு தேசிய விருதில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. குனிவது, வரப்பில் உட்கார்வது, மண்ணைத் தொடுவது எதையும் அவர் நடிக்கவில்லை, பழக்கத்தில் செய்கிறார். கதையில் ஒரு அருமையான இடம்: மயில்களைக் கொன்றதாகப் பொய் வழக்கு, பெரியவர் உள்ளே இருக்கிறார், கோயிலுக்குப் படைக்க வேண்டிய நெற்பயிர் வயலில் காய்கிறது. அதுக்குத் தண்ணி விடச் சொல்லி போலீஸ்காரரை அனுப்புகிறார் நீதிபதி. சட்டத்துக்கு வாய்தா உண்டு, பயிருக்குக் கிடையாது என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார்கள். அம்மா இந்தப் படத்தை முழுசாப் பார்த்தாங்க, ஒரு குறையும் சொல்லல. எங்க வீட்டில் அது விருதுக்குச் சமம்.

மாரி செல்வராஜின் 'வாழை'யும் வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யும் 2024 ஆகஸ்டில் ஒரே நாளில் வெளியானவை. ரெண்டையும் அடுத்தடுத்த ராத்திரியில் பார்த்தேன்.

'வாழை'யில் பள்ளிக்கூடப் பையன் சிவனணைந்தான், லீவு நாளானால் வாழைத்தார் சுமக்கப் போகணும். அம்மா வாங்கிய அட்வான்ஸ் பணம் பின்னால் நிற்கிறது. சேற்றிலும் வரப்பிலும் தலையில் தாரை வைத்துக்கொண்டு லாரி வரைக்கும் நடக்கிற அந்தக் காட்சிகளில் கேமரா கழுத்தைப் பார்க்கிறது, காலைப் பார்க்கிறது. சுமக்கிறவனுக்கு வலி எங்கே என்று தெரிந்தவர் எடுத்த படம். தன் சிறுவயது வாழ்க்கை என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார், சொல்லாவிட்டாலும் தெரியும். டீச்சர் மேல் பையனுக்கு வருகிற பிரியம் வரும் பகுதிகள் இனிப்பு கொஞ்சம் கூடுதல். எனக்கு நடுவில் பொறுமை போனது.

ஆனால் கதையின் முடிச்சு ரொம்பச் சரியான இடத்தில் விழுகிறது. தொழிலாளர்கள் கூலியில் ஒரு ரூபாய் உயர்வு கேட்கிறார்கள், கிடைக்கிறது. கொடுத்த காசை வேறு பக்கம் மிச்சம் பிடிக்க, ஆட்களுக்குத் தனி வண்டி கிடையாது, தார் ஏற்றிய லாரி மேலேயே உட்கார்ந்து வா என்கிறார்கள். அந்த லாரி கவிழ்கிறது. ஒரு ரூபாய்க்கும் சாவுக்கும் நடுவில் இருக்கிற கணக்கை இவ்வளவு நேராக வேறு எந்தத் தமிழ்ப் படமும் போட்டுக் காட்டியதாக எனக்கு நினைவில்லை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது சட்டம். விடிகாலையில் எங்க ஊர் ரோட்டில் நின்று பாருங்கள், களையெடுக்கப் போகிற பெண்கள் 'குட்டி யானை'யின் பின்னால் நின்றுகொண்டுதான் போகிறார்கள், ஒரு கை கம்பியில், ஒரு கை சாப்பாட்டுத் தூக்கில். படம் பார்த்த மறுநாள் அந்த வண்டி என்னைக் கடந்தபோது எனக்கு வயிறு என்னவோ செய்தது.

'கொட்டுக்காளி' வேறு ரகம். கீழ்ச்சாதிப் பையனை விரும்புகிற மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று ஒரு சாமியாடியிடம் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ இன்ஜின், சேவல், காற்று, அதட்டல்கள், இவ்வளவுதான் சத்தம். இதில் யார் வேலை செய்கிறார்கள்? நான் முதலில் யாருமில்லை என்று நினைத்தேன், எல்லாரும் பயணத்தில் இருக்கிறார்களே. கவனிச்சுப் பார்த்தா, ஒரு பெண்ணை அடக்குவதுதான் அங்கே வேலை. அதற்கு இத்தனை ஆட்டோ, இத்தனை பைக், இத்தனை ஆம்பளைங்க, அவங்களுக்குச் சோறு, தண்ணி, பெட்ரோல். வழியில் மீனா உட்கார்ந்திருக்க, ஆட்டோவையே ஆண்கள் கூடித் தூக்கித் திருப்பி வைக்கிறார்கள். அத்தனை பேர் வியர்வையும் ஒருத்தி வாயைத் திறக்காமல் இருப்பதற்கு எதிராகச் செலவாகிறது. இசை இருந்திருந்தா, எப்போ கோபப்படணும், எப்போ பாவப்படணும்னு அது சொல்லிக் கொடுத்திருக்கும். இங்கே நமக்கு அந்த உதவி கிடையாது. முடிவையும் பார்க்கிறவர் கையிலேயே விட்டுவிட்டார், தியேட்டரில் பலர் இதுக்குத்தான் கடுப்பானதாகக் கேள்வி.

'லப்பர் பந்து' பற்றிச் சுருக்கமா: கிரிக்கெட் படம்னு நினைச்சு உட்கார்ந்தேன், டிராக்டர் ஓட்டுற யசோதைக்காக ரெண்டாவது தடவை பார்த்தேன். புருஷன் மட்டை பிடிக்கிற மைதானத்துக்குள் வண்டியோடு வந்து இறங்கும் அந்த அறிமுகம் ஒன்றே போதும்.

'ஜமா' (2024) பத்திக் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும், இது எங்க பக்கத்து விஷயம். தெருக்கூத்துக் குழுவுக்குப் பேர்தான் ஜமா. பாரி இளவழகன் எழுதி இயக்கி, கல்யாணமாக நடித்தும் இருக்கிறார். பெண் வேஷம் கட்டுகிற கல்யாணம், அப்பா கையை விட்டுப் போன ஜமாவைத் திரும்ப அடையத் துடிக்கிறான். இசை இளையராஜா. திருவண்ணாமலைப் பக்கத்துக் கதை என்றாலும், திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து கூத்து பார்த்த புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் ஜனங்க யாருக்கும் அந்நியமா இருக்காது.

கூத்துக்காரரை நாம் பார்ப்பது திரைக்கு இந்தப் பக்கம்தான். அரிதாரம் பூச எத்தனை மணி நேரம், புஜக்கட்டையும் கிரீடமும் ஏற்றிக் கட்டினால் தோளுக்கு என்ன கனம், விடிஞ்ச பிறகு தேங்காய் எண்ணெய் தேய்த்து முகத்தை வழித்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், பல பேர் அன்றைக்கே கூலி வேலைக்கும் நிற்பது, இதெல்லாம் ஆட்டத்தில் வராது. படம் இந்த உலகத்துக்குள் போகிறது. பெண் வேஷம் கட்டுகிறவனை ஊர் எப்படிப் பார்க்கிறது, பெண் கொடுக்க யோசிக்கிறது என்பதும் வேலையோட ஒரு பகுதிதான் என்று காட்டுகிறது. சண்டை, பகை எல்லாம் வழக்கமான சினிமாத் தாளத்தில் போனாலும் கூத்து வரும் இடங்களில் படம் எழுந்து நிற்கிறது.

இந்த இடத்தில் ஒரு துணுக்கு. புதுச்சேரி அரசு ஒவ்வொரு வருஷமும் இந்தியத் திரைப்பட விழாவில் நல்ல தமிழ்ப் படத்துக்குக் கொடுக்கும் விருதுக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர். அவர் நாடக ஆசிரியர், 1922இல் புதுச்சேரியில் காலமானார், சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. சினிமாவுக்குத் தருகிற பரிசு ஒரு நாடக வாத்தியார் பேரில் இருப்பது எனக்குப் பிடித்த விஷயங்களில் ஒன்று.

நடுவில் ஒரு ஜப்பான் படம். விம் வெண்டர்ஸின் 'பெர்ஃபெக்ட் டேஸ்' (2023). டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஹிராயாமா. கோஜி யாகுஷோவுக்கு இதற்காக கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாத விளிம்பின் அடிப்பக்கத்தைச் சின்னக் கண்ணாடி வைத்துப் பார்த்துத் துடைக்கிறார். அழகான படம், வேலையை மதிக்கிற படம். ஆனா ரெண்டு மணி நேரத்துல ஒரு கழிப்பறைகூட நிஜமா அழுக்கா இல்லை. ஷிபுயா பகுதியில் பெரிய கட்டடக் கலைஞர்களை வைத்துக் கட்டிய கழிப்பறைகள் அவை, அந்தத் திட்டத்தைக் காட்டுவதற்காகப் பிறந்த படம்தான் இது என்பதால் அப்படித்தான் இருக்கும். பார்த்து முடித்ததும் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தைத் திரும்பப் போட்டேன். கையால் மலம் அள்ளுவதை 2013இல் மறுபடி ஒரு சட்டம் போட்டுத் தடை செய்த பிறகும் தமிழ்நாட்டில் அது தொடர்வதை முகத்தில் அறைவதுபோல் காட்டிய படம். பல ஊர்களில் திரையிடவே அனுமதி மறுத்தார்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தால் ஹிராயாமாவின் அமைதி எதனால் சாத்தியமாகிறது என்று புரியும்: கையுறை, தண்ணீர், கருவிகள், மாசச் சம்பளம், அப்புறம் சாதி கேட்காத பார்வையாளர்.

இனி எங்க ஊர்ப் படம். புதுச்சேரின்னா சினிமாவுக்கு மஞ்சள் சுவர், காகிதப்பூ, கடற்கரைச் சாலை. அந்தச் சுவருக்கு யார் சுண்ணாம்பு அடிச்சாங்கன்னு ஒரு படமும் கேட்டதில்லை. பதினைந்து கிலோமீட்டர் சொச்சம் தெற்கே வந்தால் பாகூர் கொம்யூன், கேமரா அவ்வளவு தூரம் வருவதும் அபூர்வம். 'நானும் ரவுடிதான்' (2015) முழுக்கப் புதுச்சேரிதான், ஜாலியான படம். ரவுடித்தனத்தையே ஆபீஸ் போட்டு நடத்துவது நல்ல கிண்டல். ஆனால் உண்மையில் வேலைக்குப் போவது ராதிகா மட்டும்தான், போலீஸ் அம்மா.

ஆங் லீயின் 'லைஃப் ஆஃப் பை' (2012) நான் மூணாவது தடவை பார்த்தது. முதல் பகுதி புதுச்சேரி, அதே அஞ்சல் அட்டை அழகு. கப்பல் மூழ்கிய பிறகு அது முழுக்க முழுக்க வேலையைப் பற்றிய படமாக மாறிவிடுகிறது, இதை நான் முன்பு கவனித்ததில்லை. துடுப்பையும் மிதவை உடைகளையும் கட்டித் தெப்பம் செய்வது, கையேடு படித்துத் தண்ணீர் சேர்ப்பது, மீன் பிடிப்பது, புலியைக் கோலால் பழக்குவது. பையன் பிழைப்பது பிரார்த்தனையால் பாதி என்றால் மீதி கைவேலையால்.

அந்தப் புலி? சில காட்சிகளில் நிஜப் புலிகள். பெரும்பாலும் கணினியில் செய்தது. நடிகர் சூரஜ் சர்மா புலியோடு ஒரே படகில் இருந்ததே இல்லை. ஒவ்வொரு மயிராக, நனைந்தால் எப்படி ஒட்டும், பசியில் தோள் எலும்பு எப்படித் தெரியும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தது ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற லாஸ் ஏஞ்சல்ஸ் நிறுவனம். அதற்கு மும்பையிலும் ஹைதராபாதிலும்கூட ஸ்டூடியோக்கள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது, ஏராளமானோருக்கு வேலை போனது. அதே மாதம் 24ஆம் தேதி ஆஸ்கர் விழா. படத்துக்கு நாலு விருது, அதில் ஒன்று காட்சி விளைவுகளுக்கு. மேடையேறிய பில் வெஸ்டன்ஹோஃபர் நிறுவனத்தின் நிலைமையைச் சொல்ல ஆரம்பித்ததும் 'ஜாஸ்' படத்தின் சுறா இசையைப் போட்டார்கள், மைக்கும் அடங்கிப் போனது. அரங்குக்கு வெளியே அதே தொழிலைச் செய்கிறவர்கள் போராட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். விழாவுக்குப் பிறகு உலகம் முழுக்க அந்தத் தொழிலில் இருந்தவர்கள் தங்கள் படத்தை எடுத்துவிட்டு வெறும் பச்சைக் கட்டத்தை முகப்பில் வைத்தார்கள். நாங்க இல்லன்னா நீங்க பார்க்கிறது இந்தப் பச்சைத் திரைதான் என்று அர்த்தம்.

ஆஸ்கர் வாங்கின கம்பெனி எப்படிக் கவிழும்? நம்ம மேஸ்திரி காண்ட்ராக்ட்டை நினைச்சுக்குங்க. வீடு முழுக்க இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி முடித்தாச்சு. பாதியில் வீட்டுக்காரர் வந்து, இந்தச் சுவரை இடிச்சு அந்தப் பக்கம் கட்டு, படிக்கட்டு பிடிக்கல மாத்து என்கிறார். கூலி மேஸ்திரி கைக்காசு. படத் தயாரிப்பு நிறுவனங்கள் காட்சி விளைவுக்குத் தருவதும் பெரும்பாலும் இப்படி முன்கூட்டிப் பேசிய தொகைதான், மாற்றங்கள் எத்தனை தடவை கேட்டாலும் செய்துதர வேண்டும். தேதி தள்ளிப்போனால் ஆட்களுக்கு உட்கார வைத்துச் சம்பளம். இதுக்கு மேல, எந்த நாட்டு அரசு மானியம் தருதோ அங்கே வேலையை மாற்றிவிடுவார்கள். புதுச்சேரிப் புலியைச் செய்தவர்கள் இப்படித்தான் தெருவுக்கு வந்தார்கள். படத்துக்குள்ள யார் வேலை செய்யறாங்கன்னு கேட்டுக்கிட்டிருந்த நான், இதைப் படித்த பிறகு படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்து போவதை நிறுத்திவிட்டேன். ஐந்து நிமிஷம் ஓடுகிறது, ஓடட்டும்.

கடைசியாகப் பார்த்தது லூகினோ விஸ்கோன்டியின் 'லா டெர்ரா ட்ரேமா' (1948). பனித்திட்டில் இருக்கிற ஒரு நண்பன் வீட்டில். அவங்க கடல் தொழில். எம்.ஜி.ஆரின் 'படகோட்டி' அவனுக்கு மனப்பாடம், அதில் மீனவன் சட்டையில் செதில் ஒட்டியிருக்காது என்பதும் தெரியும். அதான் இதைப் போட்டுக் காட்டினேன். சிசிலியில் ஆச்சி ட்ரெட்சா என்ற மீனவ ஊர், நடித்தவர்கள் எல்லாம் அந்த ஊர்க்காரர்களே. அவர்கள் பேசிய சிசிலியப் பேச்சு மற்ற இத்தாலியர்களுக்கே புரியாது என்பதால் இத்தாலிய மொழியில் ஒரு விளக்கக் குரல் சேர்க்க வேண்டியிருந்தது. வலாஸ்ட்ரோ குடும்பத்து மூத்த பையன் ந்தோனி, மொத்த வியாபாரிகளின் விலைக்கு விற்க மாட்டேன் என்று வீட்டை அடகு வைக்கிறான். சொந்தமாக நெத்திலி பிடித்து உப்பிட்டு விற்கலாம் என்று கணக்கு. அதுக்கு முன்னால் கரையில் ஒரு கலவரம் வரும், வியாபாரிகளின் தராசுகளைத் தூக்கிக் கடலில் எறிவான். நண்பன் அந்த இடத்தை ரெண்டு தடவை பின்னால் தள்ளிப் பார்த்தான். சப்டைட்டில் அவனுக்குத் தேவைப்படவே இல்லை. கடன் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போடணும், அவன் சொல்றதுதான் விலை என்பது இந்தக் கரையிலும் புதுசு இல்லையே.

அப்புறம் உப்புப் போடுகிற காட்சி. குடும்பமே உட்கார்ந்து பீப்பாய்களில் நெத்திலியை அடுக்குகிறார்கள், மேலே உப்பு, சிரிப்பும் பாட்டுமாக. படத்திலேயே சந்தோஷமான இடம் அதுதான். பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்த நண்பனோட அம்மா, "நாம காய வெக்கிறோம், அவங்க ஊற வெக்கிறாங்க" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "படகு போச்சுன்னா இந்த மீனைத்தான் அடிமாட்டு விலைக்குக் கேட்பான் பாரு."

புயல் காட்சி அப்போது இன்னும் வரவில்லை.